ஆர்கோன் பெட்டிக்கு எந்தத் தகடு, எந்தப் பஞ்சு, எந்தப் பலகை: ஒரு பொருள் மதிப்பீடு

1940-களின் ஆர்கோன் பெட்டி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்று இங்கிலாந்தின் கட்டுமானப் பொருள் கடையில் போய் 'செலோடெக்ஸ்' கேட்டால், இரு பக்கமும் அலுமினியத் தாள் ஒட்டிய நுரைப்பலகையைத் தூக்கிக் கொடுப்பார்கள். அந்த வரைபடம் கேட்பது அதை அல்ல. அன்று அமெரிக்காவில் செலோடெக்ஸ் என்று விற்றது கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த மென்பலகை. லூசியானா மாநிலத்து மரேரோவில், சர்க்கரை ஆலைகளில் மிஞ்சிய சக்கையிலிருந்து அது தயாரானது. பெயர் அதேதான், சரக்கு வேறு. ஆர்கோன் பெட்டி கட்டுகிறவர்கள் பணத்தை வீணாக்கும் முதல் இடம் இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெல்டிங் பட்டறையில் சிலிண்டரில் வருவது ஆர்கான் வாயு. இது ஆர்கோன். வில்ஹெல்ம் ரைக் என்ற ஆஸ்திரிய மனநல மருத்துவர் தான் கண்டுபிடித்ததாகச் சொன்ன ஓர் 'உயிராற்றலின்' பெயர். உள்ளே உலோகம், வெளியே நார்ப்பொருள் என்று அடுக்கிய பெட்டிக்குள் அந்த ஆற்றல் சேரும் என்று நம்பி, 1940-ல் அவர் முதல் பெட்டிகளைச் செய்தார். பிறகு மெய்ன் மாநிலத்தின் ரேஞ்ச்லியில் 'ஆர்கோனான்' என்ற இடத்தை அமைத்து அங்கே வேலையைத் தொடர்ந்தார். அப்படி ஓர் ஆற்றல் இருப்பதாக அறிவியல் ஏற்கவில்லை. பெட்டி நோயைத் தீர்க்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 1954 மார்ச் 19-ல் அமெரிக்க நீதிமன்றம் பெட்டிகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பத் தடை விதித்தது. தடையை மீறிய வழக்கில் ரைக்குக்கு இரண்டு ஆண்டு சிறை. 1957 நவம்பர் 3-ல் லூயிஸ்பர்க் சிறையிலேயே இறந்தார்.

அப்படியானால் பொருள் மதிப்பீடு எதற்கு? இன்றும் பலர் இதைக் கட்டுகிறார்கள். சிலருக்கு வரலாற்று ஆர்வம், சிலருக்கு மேடைக்கோ கண்காட்சிக்கோ மாதிரி தேவை, சிலருக்கு நம்பிக்கை. யார் கட்டினாலும் அரைமணி நேரம் ஒரு மனிதர் உள்ளே உட்காரப் போகிறார். அதனால் இங்கே ஒவ்வொரு பொருளையும் நான்கு கேள்விகளால் மட்டும் எடைபோட்டிருக்கிறோம்: நுரையீரலுக்கு என்ன ஆகும், தீப்பிடிக்குமா, துருப்பிடிக்குமா, வெட்டிப் பொருத்த முடியுமா. ஆர்கோனை எவ்வளவு இழுக்கும் என்ற ஐந்தாவது கேள்விக்கு அளவுகோல் கிடையாது.

உள் தகடு

ரைக்கின் வழிமுறை கேட்பது 26 கேஜ் ஜி.ஐ. ஷீட், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. கனம் சுமார் 0.55 மி.மீ., எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.4 கிலோ. இதைவிட மெல்லிய 28, 30 கேஜ் மலிவுதான். ஆனால் முதுகு பட்டால் உள்வாங்கி 'டங்' என்று சத்தம் போடும், கையை எடுத்தால் மறுபடி ஒரு 'டங்'. 24 கேஜ் உறுதியானது, வீட்டில் இருக்கும் தகரக் கத்தரியால் நேராக வெட்டுவது கடினம். 26-ஐ மாற்ற வேண்டியதில்லை.

துருப்பிடிக்காத எஃகு நல்ல பொருள். ரைக் வழி வந்தவர்கள் காந்தம் ஒட்டும் உலோகத்தையே கேட்பார்கள். 304 ரக எஃகில் காந்தம் ஒட்டாது, 430 ரகத்தில் ஒட்டும். அலுமினியமும் செம்பும் அந்த மரபில் விலக்கு. இதற்கு அளந்து பார்த்த காரணம் ஏதுமில்லை, மரபு அவ்வளவுதான். அலுமினியப் பெட்டி லேசாக இருக்கும், துருவும் பிடிக்காது. ஆனால் பழைய பெட்டியின் சரியான மாதிரி வேண்டுமென்றால் அது சேராது.

ஜி.ஐ. வாங்கும்போது பார்க்க வேண்டியது மேல்பரப்பு. ஈரமான கிடங்கில் அடுக்கி வைத்த தகடுகளில் வெள்ளை மாவு பூத்திருக்கும். அது துத்தநாகத்தின் துரு. தேய்த்தால் தூசியாகப் பறக்கும், பெட்டிக்குள் அது வேண்டாம். புதுத் தகட்டில் எண்ணெய்ப் படலம் இருக்கும், பல ஆலைகள் குரோமேட் பூச்சும் கொடுத்திருப்பார்கள். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கலந்து கையுறையோடு இருமுறை கழுவித் துடைத்து, வெயிலில் உலர்த்திய பிறகுதான் அறைய வேண்டும். மணல்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, பூச்சு போய்விடும், தூசியும் மூச்சில் போகும். மூலைகளில் பற்றவைப்பும் வேண்டாம். ஜி.ஐ.யைச் சூடேற்றினால் எழும் துத்தநாகப் புகை அன்று இரவே குளிர் காய்ச்சலைக் கொண்டுவரும். பட்டறைக்காரர்களுக்கு இது பழக்கமான காய்ச்சல்தான். ஓரத்தை 1 செ.மீ. மடித்துத் தட்டி, 10 செ.மீ. இடைவெளியில் தட்டைத்தலை ஸ்க்ரூ போட்டால் போதும்.

வெட்டும் கணக்கு

ஒரு ஆள் உட்காரும் பெட்டிக்கு உள்ளளவு உயரம் 135 செ.மீ., அகலம் 60, ஆழம் 75 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலுக்கும் தகட்டுக்கும் நடுவே ஐந்தாறு சென்டிமீட்டர் விட்டு உட்கார இந்த அளவு வரும். நான்கு சுவரும் கூரையும் தரையும் சேர்த்து உட்பரப்பு 4.55 சதுர மீட்டர், அதாவது 49 சதுர அடி. எட்டுக்கு நான்கு அடி ஷீட் ஒன்று 32 சதுர அடி. இரண்டு ஷீட் தாராளம் என்று கணக்கு சொல்லும். கணக்கை நம்பி வாங்கியவர் அடுத்த நாளே கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

முதல் ஷீட்டில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் (60-க்கு 135) அருகருகே வரும், மிச்சத்தில் கூரையும் தரையும் (60-க்கு 75) வரும். கச்சிதம். ஆனால் மடிப்புக்கு இடம் கிட்டத்தட்ட இல்லை. ஓரத்தை மடிப்பதானால் பெட்டியின் அகலத்தை 58 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் இரண்டாவது ஷீட்டில்தான். பக்கச் சுவர்கள் 75-க்கு 135. அருகருகே வைத்தால் 150 செ.மீ., ஷீட்டின் அகலமோ 122. நீளவாக்கில் வைத்தால் 270, ஷீட் 244. எப்படிப் புரட்டினாலும் இரண்டு சுவர் வராது. பத்துக்கு நான்கு அடி ஷீட் கிடைத்தால் இரண்டாவதை அந்த அளவில் வாங்குங்கள், 305 செ.மீ. நீளத்தில் இரண்டும் வந்துவிடும். இல்லையென்றால் மூன்றாவது ஷீட், அல்லது 3 செ.மீ. மேற்பொருத்தம் விட்ட ஒட்டு. ஒட்டு வருவதானால் அதைத் தோள் உயரத்தில் வைக்காதீர்கள், சட்டை மாட்டும்.

தகடு மட்டும் 20 கிலோ. சட்டமும் வெளிப்பலகையும் நடு அடுக்குகளும் சேர்ந்தால் மொத்தம் 50 கிலோ அளவுக்கு வரும். ஒரே பெட்டியாக அறைந்துவிட்டு வாசற்படியில் மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடக்கிற விஷயம். ஆறு பலகங்களாகத் தனித்தனியே செய்து, அறைக்குள்ளேயே நீளமான ஸ்க்ரூ போட்டுக் கூட்டுவதுதான் பழைய முறையும்.

நடு அடுக்கு: எல்லாச் சிக்கலும் இங்கேதான்

ஓர் உலோகம், ஒரு நார்ப்பொருள் சேர்ந்தால் ஓர் அடுக்கு. மூன்றடுக்குப் பெட்டியில் உள்ளிருந்து வெளியே வரிசை இப்படி வரும்: ஜி.ஐ. தகடு, நார், ஸ்டீல் வுல், நார், ஸ்டீல் வுல், கடைசியாக வெளிப்பலகை. நடுவில் இருக்கும் நான்கு படலங்களுக்கு 25 மி.மீ. ஆழமுள்ள ரீப்பர் கட்டை சட்டம் போதும். இருபது அடுக்குப் பெட்டியெல்லாம் ரைக்கின் ஆய்வகத்தில் இருந்தது. வீட்டில் மூன்றைத் தாண்டினால் கூடுவது எடையும் துருவும்தான்.

ஸ்டீல் வுல் என்பது மரச்சாமான் மெருகேற்றப் பயன்படும் இரும்புப் பஞ்சு. பாத்திரம் தேய்க்கும் சுருள் நார் அல்ல, சோப்பு ஊறிய துண்டும் அல்ல. 0000 என்றால் மிக நைஸ், எண் ஏற ஏற முரடு. பலர் 'நைஸாக இருந்தால் நல்லது' என்று 0000 வாங்குகிறார்கள். எங்கள் கணக்கில் இந்தப் பட்டியலிலேயே மிக மோசமான தேர்வு அது. 9 வோல்ட் பேட்டரியின் இரு முனையும் பட்டாலே 0000 பற்றிக்கொள்ளும். அதைப் பருத்திப் பஞ்சோடு அடுக்கி, மரச்சட்டத்தில் அடைத்து, பக்கத்தில் டிரில் மெஷினின் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. நடுத்தரம் முதல் முரடு வரை, எண் 1 முதல் 3 வரை உள்ள உருளையாக வாங்குங்கள். இழை தடிமன் கூடக்கூடப் பற்றுவது கடினமாகும், உதிர்வதும் குறையும். பலகத்தை மூடும் வேலையைக் கையால் திருகும் ஸ்க்ரூ டிரைவரில் முடித்துவிடுங்கள்.

எவ்வளவு வேண்டும்? உருளைக்கு உருளை அடர்த்தி மாறும். ஒரு சதுர அடியில், விளக்கைப் பின்னால் பிடித்தால் ஒளி ஓட்டை தெரியாத அளவுக்குப் பரப்பி, அதைச் சமையலறைத் தராசில் எடைபோடுங்கள். ஒரு படலத்துக்கு அதை 49-ஆல், மூன்றடுக்குப் பெட்டியின் இரு படலங்களுக்கு 98-ஆல் பெருக்கி, வெட்டுச் சேதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொண்டு வாங்குங்கள்.

அடுத்து துரு. ஸ்டீல் வுல் எண்ணெய் தடவித்தான் வரும். அந்த எண்ணெய் 'அசுத்தம்' என்று சிலர் வினிகரில் கழுவி எடுக்கிறார்கள். அப்படிக் கழுவிய இரும்பு உடனே துருப்பிடிக்கத் தொடங்கும், துருப்பிடிக்கும்போது வெப்பம் வெளிவிடும். வினிகரில் நனைத்த ஸ்டீல் வுல்லைத் தெர்மாமீட்டரைச் சுற்றி வைத்துப் பாதரசம் ஏறுவதைக் காட்டுவது பள்ளிக்கூடச் சோதனை. குளிர்நாடுகளில் கை சூடேற்ற விற்கும் பொட்டலங்களும் இரும்புத்தூள் துருப்பிடிக்கும் வெப்பத்தில்தான் வேலை செய்கின்றன. புதுப் பெட்டி 'தானாகவே கதகதப்பாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், முதலில் ஸ்டீல் வுல்லைக் கழுவினாரா என்று கேளுங்கள். எண்ணெயை விட்டுவையுங்கள், அதுதான் காவல்.

நார்ப்பொருளில் மூன்று தேர்வுகள். கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு), ராக் வுல் (பாறை இழைப் பஞ்சு) இரண்டும் பழைய பெட்டிகளில் இருந்தவை, மலிவு, எளிதில் தீப்பிடிக்காது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2002-ல் வெளியிட்ட தொகுப்பில், காப்புக்குப் பயன்படும் இந்த வகைகளை 'வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை' என்ற மூன்றாம் பிரிவுக்கு இறக்கியது. ஆனாலும் இழை அரிக்கும், தொண்டையைச் சொறியும். தகட்டின் மூட்டில் நூலளவு இடைவெளி இருந்தாலும் ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் காற்று அழுத்தத்தில் இழை உள்ளே வரும். ஆகவே இதை எடுத்தால், தகட்டுக்குப் பின்னால் ஒரு பருத்தித் துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடித்த பிறகே வைக்க வேண்டும். பழைய வீடு இடித்த இடத்திலிருந்து எடுத்த காப்புப் பொருள் எதுவானாலும் வேண்டாம், கல்நார் கலந்திருக்கலாம்.

பருத்திப் பஞ்சு கைக்கு இதமானது, நெருப்புக்கு இன்னும் இதமானது. ஒரு கனல் விழுந்தால் வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். ஸ்டீல் வுல்லோடு சேர்க்கக் கூடாது.

ஆட்டு ரோமக் கம்பளிதான் எங்கள் தேர்வு. சாயம் போடாத, சுத்தமான கம்பளி சட்டென்று பற்றாது, கருகி நிற்கும். இழை மூச்சில் போகாது. குறை இல்லாமல் இல்லை. பூச்சி விழும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தைத் தொட்டால் தெரியாமல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் ஒட்டியிருக்கும் ஸ்டீல் வுல்லுக்குத்தான் போகும். கடலோர ஊர்களிலும் மழைக்காலம் நீளும் ஊர்களிலும் இந்தச் சேர்க்கை சீக்கிரமே பழுப்புத் தூளாக உதிர ஆரம்பிக்கும், பலகத்தைத் தட்டினால் உள்ளே மணல் சரிவது போலச் சத்தம் கேட்கும். வெளிப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூவில் நிறுத்தினால் கழற்றி மாற்றலாம். ஈரமான நாட்களில் பெட்டி சரியாக வேலை செய்யாது என்று ரைக்கும் சொன்னார். அவர் சொன்ன காரணம் வேறு, ஆனால் உலர்ந்த இடத்தில் வையுங்கள் என்ற அறிவுரை ஸ்டீல் வுல்லுக்கும் பொருந்துகிறது.

பாலியஸ்டர் பஞ்சு, தெர்மோகோல் இரண்டும் வேண்டாம். சூட்டில் உருகும், எரிந்தால் புகை கொடியது.

வெளிப்பலகை

12 மி.மீ. மென்பலகை வாங்குங்கள். அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் குண்டூசி குத்த வைப்பார்களே, அந்த ரகம். மர நாராலோ கரும்புச் சக்கையாலோ செய்ததாக இருந்தால் பழைய செலோடெக்ஸுக்கு அதுவே மிக அருகில் வரும். மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டாததைக் கேளுங்கள். ஓரம் உதிரும் என்பதால் மெல்லிய மரப் பீடிங் அடித்துவிட வேண்டும்.

பிளைவுட், எம்.டி.எஃப்., துகள்பலகை மூன்றும் உறுதியில் மேல். ஆனால் அவற்றை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற உறுத்தும் வாயு கசியும், வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து சூடேற்றும் சின்னப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமில்லாத பொருள் கிடைக்காது. பிளைவுட்தான் கிடைக்கிறது என்றால் குறைந்தபட்சம் கசிவு குறைவு என்பதைக் குறிக்கும் ஈ1 தர முத்திரை பார்த்து வாங்கி, வெட்டிய ஓரங்களையும் சேர்த்துப் பூசி அடைத்துவிடுங்கள். தொடக்கத்தில் சொன்ன நுரைப்பலகையை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். எரிந்தால் அதன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயு வரும்.

பூச்சுக்கு ஷெல்லாக் போதும், அதாவது மரச்சாமானுக்குப் போடும் அரக்கு மெருகு. வெளிப்பக்கம் மட்டும் இரு கை. ஒரு வாரம் கதவைத் திறந்து வைத்து உலரவிட்ட பிறகே உட்கார வேண்டும்.

காற்று

விற்பனைக்கு வரும் தயார்ப் பெட்டிகளைப் பார்த்தால், பலகையின் நேர்த்தியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறவர்கள் காற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. மேலே சொன்ன அளவில் பெட்டியின் கொள்ளளவு சுமார் 600 லிட்டர். ஆள் உட்கார்ந்தது போக 540 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 லிட்டர் கரியமிலவாயு விடுகிறார். அரைமணி நேரத்தில் 9 லிட்டர். பெட்டி முழுக்க அடைபட்டிருந்தால் காற்றில் அது 1.6 சதவீதத்தைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிலிட விதி அனுமதிக்கும் அளவு 0.5 சதவீதம். தலை கனப்பு, மூச்சு ஆழமாவது, உடம்பு சிலிர்ப்பது எல்லாம் இங்கிருந்தும் வரும். கூடவே, சும்மா இருக்கும் உடல் 100 வாட் பல்பு அளவு வெப்பம் விடுகிறது. கம்பளி அடைத்த சுவருக்குள் அது போக இடமில்லை. முகம் சிவப்பதும் தோல் கதகதப்பதும் இதனால்தான்.

கதவின் மேல்பாதியில் 30-க்கு 30 செ.மீ. திறப்பு, கீழே 4 செ.மீ. இடைவெளி. இரண்டும் இருந்தால்தான் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும். பழைய பெட்டிகளிலும் கதவில் திறப்பு உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள், கொக்கி எதுவும் கூடாது. அலமாரியில் போடும் காந்தப் பிடி ஒன்று போதும், உள்ளிருந்து ஒரு குழந்தை தள்ளினாலும் திறக்க வேண்டும். நாற்காலி மரத்தில் இருக்கட்டும். உள்ளே விளக்கு, விசிறி, சார்ஜர் எதற்கும் மின்கம்பி இழுக்காதீர்கள். நான்கு பக்கமும் இரும்புத் தகடு, ஒரு கம்பி உரிந்தாலும் தப்ப இடமில்லை. கைப்பேசிச் சமிக்ஞை பலவீனமாகும், அது தகட்டின் இயல்பு.

போர்வை, கையடக்கப் பெட்டி என்று சின்ன வடிவங்களும் உண்டு. போர்வைக்குள் ஸ்டீல் வுல் வைத்துத் தைப்பது வேண்டாம். மடிக்க மடிக்க இழை முறிந்து தையல் வழியே தோலில் ஏறும். பிசினில் உலோகச் சீவல் போட்டு வார்த்துப் பிரமிடு வடிவில் விற்கும் 'ஆர்கோனைட்' ரைக் காலத்தில் இல்லாதது. பாலியஸ்டர் பிசின் என்றால் ஸ்டைரீன் வாடை மாதக்கணக்கில் போகாது. மேசை அலங்காரத்துக்கு மேல் அதற்கு மதிப்புப் போட முடியாது.

அளந்து பார்ப்பவர்களுக்கு

பெட்டிக்கு மேலே வெப்பநிலை சுற்றுப்புறத்தைவிடச் சற்று அதிகம் என்பது ரைக்கின் முக்கியமான சான்று. 1941 ஜனவரி 13-ல் பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனைச் சந்தித்து அதை விளக்கினார், பின்னர் ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்தார். ஐன்ஸ்டைன் தன் வீட்டு அடித்தளத்தில் சோதித்தார். வித்தியாசம் உண்மையிலேயே தெரிந்தது. பிறகு பெட்டியை எடுத்துவிட்டு மேசைக்கு மேலும் கீழும் அளந்தார், அப்போதும் வித்தியாசம் இருந்தது. கூரைப்பக்கம் சூடான காற்று, தரைப்பக்கம் குளிர்ந்த காற்று, நடுவே மேசைப்பலகை தடுப்பு. பிப்ரவரி 7 தேதியிட்ட கடிதத்தில் விஷயம் முடிந்தது என்று எழுதிவிட்டார். ரைக் ஏற்கவில்லை.

இதே தவறைத் தவிர்க்க இரண்டாவது பெட்டி ஒன்று வேண்டும். அதே அளவு, அதே மென்பலகை, அதே கம்பளி, ஆனால் தகடும் ஸ்டீல் வுல்லும் இல்லாமல், அவற்றின் கனத்துக்கு அட்டை வைத்தது. இரண்டையும் ஒரே உயரத்தில், சுவரிலிருந்து ஒரே தூரத்தில், வெயில் படாத அறையில் வையுங்கள். ஒரே ரகத் தெர்மாமீட்டர் நான்கு வாங்கி, முதலில் நான்கையும் ஒரே குவளைத் தண்ணீரில் ஒருநாள் வைத்து அவற்றுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்று குறித்துக்கொள்ளுங்கள். மலிவு ரகத்தில் அது அரை டிகிரி வரை இருப்பதுண்டு. நாள் பாதியில் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது பெட்டிக்கான செலவு மென்பலகை, கம்பளி, அட்டை மட்டும்தான்; முதல் பெட்டிக்கு வாங்கும்போதே அவற்றை இரட்டிப்பாக வாங்கிவிடுங்கள். பின்னால் வேறு சரக்கிலிருந்து வாங்கினால் பலகையின் அடர்த்தி மாறும், பிறகு எதை அளந்தோம் என்று தெரியாது.